உங்கள் சம்பளத்தைத் தெரிந்துகொள்ள அனுமதி கோரி

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் குறையொன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் எங்கள் மகள் பாப்பாவும் பேரக்குழந்தையும் நிம்மதியாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் போன வாரம் உங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருந்திருக்க முடியாது என்பதும், அதற்குக் காரணம் நான்தான் என்பதும் எனக்குத் தெரியுமாதலால், இனிமேலாவது நிம்மதியாக இருக்க வேண்டும் என்று மாற்றி எழுதுகிறேன்.

முதலில் சில விஷயங்களைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உங்களுக்கு வேலை போய்விட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பணமுடை ஏதும் இல்லை. என் மூளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது என்று உங்கள் அத்தை சொல்கிறார், அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பதால் இதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செவ்வாய்க்கிழமை நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு “மாமா, நான்தான் பேசுறேன்” என்றபோது “ராங் நம்பர்” என்று சொல்லி வைத்ததும் நானேதான். எண் தவறவில்லை. எனக்குத்தான் நாக்கு எழவில்லை. பேச வராத விஷயத்தை எழுதியாவது தீர்ப்போம் என்று இந்தக் கடிதம்.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு சுவர். நான் காலையில் நடக்கப் போகிற பாதையில், மேட்டை வெட்டிப் புதிதாக ஒரு குடியிருப்பு கட்டுகிறார்கள். மேட்டு மண் சரியாமல் இருக்கப் பெரிய தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தார்கள். நல்ல சுவர்தான். ஆனால் அதில் ஒரு துளைகூட இல்லை. சுவருக்குப் பின்னால் தேங்கும் மழைத் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் விட வேண்டும் என்பதும், விடாவிட்டால் தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும் என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் பார்த்தும் பாராமல்தான் போனேன். நமக்கென்ன, அவர்களிடம் பொறியாளர் இல்லாமலா இருப்பார், ஒருவேளை பின்பக்கம் வேறு ஏற்பாடு செய்திருக்கலாம், ஓய்வு பெற்றவன் வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டியதுதானே என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வானம் கறுக்கத் தொடங்கியதும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு தாளில் சுவரின் படம் போட்டு, எங்கெங்கே துளை வேண்டும் என்று குறித்து, பெயர் எழுதாமல், வாசல் காவலாளியிடம் “இதை யார்கிட்டயாவது குடுத்துடுங்க” என்று கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கிட்டத்தட்ட ஓடினேன். காவலாளி என்னைவிட இளையவர் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தெருமுனையில் பிடித்துவிட்டார்.

“பெரியவரே, நில்லுங்க! மேடம் கூப்பிடுறாங்க.”

“நான் எதுவும் பண்ணலியே.”

“பண்ணாதவர் எதுக்குங்க ஓடுறீங்க?”

தகரக் கூரை போட்ட தற்காலிக அலுவலகம். மேசை முழுவதும் வரைபடங்கள். அந்த நிறுவனத்தை நடத்துகிற அம்மையார் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து, மன்னிப்பு வாக்கியம் ஒன்றைத் தயார் செய்துகொண்டு உள்ளே போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பக்கத்தில் தலைக்கவசத்துடன் நின்றிருந்த இளம்பெண்ணைப் பார்த்து, “சின்ன இன்ஜினியர், அந்தப் பம்ப் ஹவுஸ் கணக்கக் கொண்டா” என்றார். வந்த தாள்களை என் முன்னால் நகர்த்தி, “சார், இதையும் ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க” என்றார்.

மாப்பிள்ளை, குடிநீர் வாரியத்தின் வடிவமைப்புப் பிரிவில் என் உத்தியோகம் முழுவதும் ஒரே வேலைதான் செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் போட்ட கணக்கைச் சரிபார்ப்பது. வரைபடத்தின் மூலையில் ‘சரிபார்த்தவர்’ என்ற சின்னக் கட்டத்தில் என் சுருக்கொப்பம் இருக்கும். யாரும் அந்தக் கட்டத்தைப் பார்க்க மாட்டார்கள். நானும் பார்க்கச் சொன்னதில்லை. ஓய்வு பெற்றபின் சரிபார்க்க வீட்டில் பால் கணக்கும் மின்கட்டணமும் தவிர வேறெதுவும் இல்லை. பால் கணக்கின் ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு உங்கள் அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. இப்போது அந்தத் தாள்களைப் பார்த்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. பக்கம் பக்கமாகப் போனேன். ஒரு இடத்தில் மேற்கூரையின் எடையைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள், சொன்னேன். நிமிர்ந்து பார்த்தபோது மூவருக்கும் தேநீர் வந்து, மற்ற இருவரும் குடித்து முடித்து, என்னுடையது ஆடை கட்டியிருந்தது. காவலாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“சார், தினம் காலைல வந்து எங்க கணக்கெல்லாம் சரிபாத்துக் குடுங்க. உங்க எதிர்பார்ப்பு என்ன?” என்றார் அம்மையார்.

நான் யோசித்து, “மழைக்கு முன்னாடி அந்தத் துளையெல்லாம் போட்டுட்டா நல்லதும்மா” என்றேன்.

சின்ன இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டார். “சம்பளம் சார், சம்பளம்!” என்றார் அம்மையார். “ரெண்டு வாரம் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு தொகை சொல்லுங்க. நீங்களே சொன்னாத்தான் சரியா இருக்கும்.”

இந்தக் கேள்வியை என் ஆயுளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. வாரியத்தில் சம்பளம் என்பது மேலிருந்து வரும். இந்தப் படிநிலைக்கு இவ்வளவு, வருடத்துக்கு இவ்வளவு ஏற்றம் என்று அச்சடித்து வைத்திருப்பார்கள். நான் என்ன பெறுவேன் என்பதை அரசாங்கம் அறியும், அரசாங்கம் சொல்லும்போது நானும் அறிந்துகொள்வேன். இப்போது திடீரென்று நீயே சொல் என்றால்? அதிகம் கேட்டால், கிழவனுக்கு ஆசையைப் பார் என்று கூப்பிடாமலே விட்டுவிடுவார்கள். குறைவாகக் கேட்டால், இவன் மதிப்பு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று இவன் பார்த்த கணக்கையே சந்தேகிப்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த வேலை வேண்டும், மாப்பிள்ளை. பணத்துக்காக அல்ல என்று சொன்னால் பொய்யாகாது. ஆனால் பணத்தைச் சொல்லாமல் அந்த வேலைக்குள் போக வழியும் இல்லை.

உங்கள் அத்தையிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். “ஏங்க, வாயில வர்ற ஒரு தொகையச் சொல்லுங்க. குடுத்தா போங்க, இல்லன்னா வீட்ல இருங்க. இதுல என்ன இருக்கு?” என்றார். வாயில் வருகிற தொகை என்பது எனக்கு வாயில் வராது என்பது அவருக்குப் புரியவில்லை. எந்தத் தொகைக்கும் அடியில் ஒரு கணக்கு வேண்டாமா?

ஆகவே பாப்பா விட்டுப் போன கணினியைத் திறந்து, பொறியாளர்களின் சம்பளம் பற்றி ஆராய்ந்தேன். ஒரு பக்கத்தில் அழகான வரைபடம் இருந்தது. குறுக்கே அனுபவ ஆண்டுகள், நெடுக்கே சம்பளம். புதிதாகச் சேருகிறவர், ஐந்தாண்டு ஆனவர், பத்தாண்டு ஆனவர் என்று கோடு நன்றாக ஏறிக்கொண்டே போய், இருபதாண்டில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ‘இருபதும் அதற்கு மேற்பட்டதும்’ என்று ஒரே பெட்டியில் அடைத்திருந்தார்கள். இருபதுக்கு மேல் நாங்கள் எல்லோரும் ஒரே ஆள்தான் போலிருக்கிறது. நானே கோட்டை நீட்டிப் பார்க்கலாம் என்று வரைதாளை எடுத்தேன். நேர்கோடாக நீட்டினால், என் அனுபவத்துக்கு வருகிற சம்பளம் சத்தமாகப் படிக்கவே கூசுகிற அளவுக்குப் போனது. கடைசிப் பகுதியில் கோடு லேசாக வளைந்து சரிவதைக் கவனித்து, அந்த வளைவிலேயே நீட்டினால், என் அனுபவமான முப்பத்தைந்தாவது ஆண்டில் நான்தான் மாதாமாதம் நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று வந்தது. எதிலும் சேராமல் படுக்கைவாட்டில் நீட்டியபோது, ஏறக்குறைய என் பழைய சம்பளமே வந்தது. உங்கள் அத்தை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “கீழ இறங்குற கோடு எதுக்கு?” என்றார். விளக்கினேன். “அதக் கிழிச்சுப் போடுங்க மொதல்ல. அந்தம்மா கண்ணுல பட்டுடப்போகுது” என்றார்.

அனுபவமாவது ஒரு கோடு. பிரதேசம் பெரிய தொல்லை. தேசப் படத்துக்கு வண்ணம் தீட்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் இருக்கிற தலைநகர்ப் பக்கம் அடர் நீலம், நாங்கள் இருக்கிற பக்கம் துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன துணியின் நிறம். ஒரே படிப்பு, ஒரே அனுபவம், அங்கே வாங்குவதில் பாதிதான் இங்கே. எனக்கு இது பிடிபடவே இல்லை. கான்கிரீட் அங்கேயும் அதே எடைதான். கம்பி அங்கேயும் அதே அளவுதான் நீளும். அங்கே ஒரு உத்தரத்தைத் தப்பாகக் கணக்கிட்டால் எப்படி விழுமோ அப்படியேதான் இங்கேயும் விழும். வீட்டு வாடகைதான் காரணம் என்றார்கள். சரி என்று வாடகையைக் கழித்தேன், பேருந்துச் செலவைக் கழித்தேன், குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கழித்தேன். வித்தியாசம் சுருங்கியதே தவிர மறையவில்லை. போதாக்குறைக்கு எங்கள் பிரதேசத்தையே ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அந்தப் பக்கம். கட்டுமான இடமும் என் வீடும் இந்தப் பக்கம். எந்தப் பக்கத்து ஆளாக நான் சம்பளம் கேட்பது? பாலத்தின் நடுவில் நின்றா? எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் துறைப் பொறியாளருக்கு எவ்வளவு என்ற பட்டியலில் கணினிக்காரர்கள் உச்சியில் இருந்தார்கள். கட்டடக்காரர்களான நம்மைத் தேடிக்கொண்டே போனேன், அடிக்குறிப்புக்கு ஒரு வரி மேலே இருந்தோம்.

அதன் பிறகுதான் இன்னொரு சந்தேகம் வந்தது. இந்த எண்களை எல்லாம் யார் கொடுத்தது? முன்பின் தெரியாதவர்களிடம் தானாக முன்வந்து தன் சம்பளத்தைச் சொல்கிறவர் எப்படிப்பட்ட மனிதர்? அவர் சொன்னது எத்தனை தூரம் உண்மை? நிலத்தில் மட்டம் பார்க்கும்போது உயரம் உறுதியாகத் தெரிந்த ஒரு கல்லிலிருந்துதானே தொடங்குவோம்? அந்தக் கல் இல்லாமல் ஊரெல்லாம் அளந்தாலும் எல்லாம் அந்தரத்தில்தான் நிற்கும். அதுபோல் எனக்கும் ஒரே ஒரு பொறியாளரின் உண்மையான சம்பளம், பிரதேசமும் அனுபவமும் தெரிந்த ஒன்று, கிடைத்தால் போதும். மற்றதையெல்லாம் அதிலிருந்து விகிதம் போட்டு எடுத்துவிடலாம். நம் குடும்பத்தில் என்னை விட்டால் பொறியாளர் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். அதுவும் பாலங்கள் கட்டுகிறவர். அடர் நீலப் பிரதேசம். ஆகவே நீங்கள்தான் அந்தக் கல். தங்களைக் கல் என்றதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களிடம் நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். சம்பந்தம் பேசிய நாளில் எல்லா மாமனார்களும் கேட்கிற அந்தக் கேள்வியையே நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் பாலத்துத் தூண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அது சுவாரசியமாகப் போய், முடிந்தபோது எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அன்று கேட்காதவன் கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற காலத்தில் “மாப்பிள்ளை, உங்களுக்கு என்ன சம்பளம்?” என்றால் என்ன நினைப்பீர்கள்? அதனால் சுற்றி வளைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று உங்கள் அண்ணனின் மருந்துக் கடைக்குப் போனேன். இந்த விவகாரத்தில் நான் செய்த பிசகுகளில் தலையாயது அதுதான்.

“வாங்க மாமா! பிரஷர் மாத்திரையா?” என்றார் உங்கள் அண்ணன். கடையில் கூட்டம்.

“இல்ல தம்பி, சும்மாதான். உங்க தம்பி எப்படி இருக்கார்?”

“நேத்துகூடப் பேசினானே. நல்லா இருக்கான். ஏன்?”

“இல்ல, அவருக்கு எல்லாம் ஒழுங்கா வருதான்னு…”

“எது ஒழுங்கா வருதா?”

“மாசக் கடைசில வருமே, அது.”

இருமல் மருந்து வாங்க வந்தவர் இருமுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உங்கள் அண்ணன் என் கையைப் பிடித்து அலமாரிக்குப் பின்னால் அழைத்துப் போனார். “மாமா, மறைக்காமச் சொல்லுங்க. அவன் வீட்டுக்குப் பணம் குடுக்கிறதில்லையா? பாப்பா ஏதாவது சொல்லிச்சா?”

“ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல. குடுக்கிறார். குடுக்கிறாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா குடுப்பார்.”

இவ்வளவுதான் நான் பேசியது. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும் என்றாலும், எந்த வரிசையில் நடந்தது என்பதை நான் விசாரித்து வைத்திருக்கிறேன். உங்கள் அண்ணன் உங்கள் அம்மாவிடம், உங்களுக்குச் சம்பளம் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்றார். உங்கள் அம்மா உங்கள் சித்தியிடம் சொல்லும்போது உங்களுக்குச் சம்பளமே வரவில்லை. சித்தி திரும்ப உங்கள் அம்மாவிடமே ஆறுதல் சொல்லும்போது உங்களுக்கு வேலையே போய்விட்டிருந்தது. அந்தச் செய்தி பாப்பாவுக்குப் போனபோது, நீங்கள் வேலை போனதை மறைத்துத் தினமும் காலையில் சாப்பாட்டுப் பெட்டியுடன் ஏதோ பூங்காவில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். பாப்பா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்து, “அப்பா, இவர் இப்பதான் ஆபீஸ் போறேன்னு கிளம்புறார். பின்னாடியே போய்ப் பாத்துடட்டுமா?” என்றாள். “வெயில்ல குடை எடுத்துட்டுப் போம்மா” என்றேன். திங்கட்கிழமை உங்கள் அலுவலக வாசலில் பாப்பா குடையோடு நின்றதன் காரணம் இதுதான். குடை என் யோசனை. மற்றது அல்ல.

அன்று மாலை உங்கள் அம்மா உங்கள் அத்தையைக் கூப்பிட்டு, “என் பையனுக்கு வேல போனது பெத்தவ எனக்கே தெரியாது. உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படிங்க சம்பந்தி தெரிஞ்சுது?” என்று கேட்டுவிட்டார். உங்கள் அத்தை போனை வைத்துவிட்டு, என் முன்னால் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர் நின்றுகொண்டு திட்டினால் கொஞ்சத்தில் முடியும் என்றும், உட்கார்ந்தால் முடியாது என்றும் எனக்கு அனுபவம் உண்டு. எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். கோடு, ஆறு, கல் எல்லாம்.

கேட்டு முடித்துவிட்டு, “மாப்பிள்ள சம்பளந்தான் வேணுமா? எனக்குத் தெரியுமே” என்றார்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே சம்பந்தியம்மாவக் கேட்டுட்டேன். நீங்க தூணப் பத்திப் பேசிட்டிருந்தீங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவ ஏறும்போதும் பாப்பா சொல்லிடுவா.”

“எவ்வளவு?”

“சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க அத வகுப்பீங்க.”

வகுக்கத்தான் இருந்தேன். இதை உங்களிடம் விளக்க வேண்டும். எந்தக் கணக்கையும் வந்தபடியே வைத்துக்கொள்வது நம் தொழிலில் இல்லை. ஒரு கம்பி இவ்வளவு தாங்கும் என்று தெரிந்தாலும், பாதுகாப்புக்காக அதை வகுத்து, அதில் பாதிதான் தாங்கும் என்று வைத்துக்கொண்டுதானே கட்டுகிறோம்? நான் என்னை அந்தக் கம்பியாக வைத்துக்கொண்டேன். எவ்வளவு வந்தாலும் அதை இரண்டால் வகுத்துக் கேட்பது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். வயதுக்காக அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், பழைய கம்பியில்லையா. சரிபார்க்கிறவனாக இத்தனை காலம் யாரும் விழுந்ததில்லை என்றால் அது இந்த வகுத்தலால்தான். உங்கள் அத்தைக்கு இதைச் சொன்னபோது, “உங்கமேல யாரு ஏறி நிக்கப்போறாங்கன்னு வகுக்கிறீங்க?” என்று கேட்டார்.

பதில் புதன்கிழமை தெரிந்தது. நடக்கப் போனபோது சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்ன இன்ஜினியர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபக்கமாக ஒதுங்கிப் போகப் பார்த்தேன்; அவர் சாலையைக் கடந்து வந்துவிட்டார்.

“சார், தொகை முடிவு பண்ணிட்டீங்களா?”

“பண்ணிட்டிருக்கேம்மா. பாதியாக் கேக்கலாம்னு…”

“எதுல பாதி?”

“எது வருதோ அதுல.”

அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “சார், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. தயவு செஞ்சு கொறச்சுக் கேட்டுடாதீங்க. இத்தன வருஷ அனுபவத்துக்கு நீங்களே இவ்வளவுதான்னு சொல்லிட்டா, ரெண்டு வருஷக்காரி எனக்கு மேடம் என்ன தருவாங்க? வர்ற மாசம் எனக்கு ஏத்துறதப் பத்திப் பேசணும். என்கூடப் படிச்சவ ஆத்துக்கு அந்தப் பக்கம் போய் என்னவிட ஒண்ணர மடங்கு வாங்குறா. என்னால போக முடியாது, வீட்ல அம்மாவப் பாத்துக்கணும். நான் இங்கயேதான் ஏறியாகணும். நீங்க எந்தப் படியில நிக்கிறீங்களோ, எனக்கு அதுக்குக் கீழதான் படி.”

சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சுவருக்குத் திரும்பிவிட்டார். என்மேல் ஏறி நிற்கப்போவது யார் என்று உங்கள் அத்தை கேட்டாரே, அந்தப் பெண்தான். வீடு வந்து சேருகிறவரை எனக்கு ஒரே விஷயந்தான் மனதில் ஓடியது. கம்பியின் பலத்தைத்தான் வகுக்க வேண்டும்; அதன்மேல் வருகிற பாரத்தைப் பெருக்க வேண்டும். என் சம்பளம் பலமல்ல, அந்தப் பெண்ணையும் சேர்த்துத் தாங்க வேண்டிய பாரம்; நான் எதை வகுப்பது, எதைப் பெருக்குவது என்பதையே மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கணக்குச் சரிபார்க்கிறவன் தன் கணக்கில் இப்படி ஒரு பிழை விட்டிருக்கிறான் என்று வாரியத்தில் தெரிந்தால் பென்ஷனை மறுபரிசீலனை செய்வார்கள்.

ஆகவே வகுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சரியான தொகை எதுவோ அதை முழுசாக, குரல் நடுங்கினாலும், கேட்பேன். அந்தச் சரியான தொகையைக் கண்டுபிடிக்கத்தான் உங்கள் சம்பளம் வேண்டும். அதை உங்கள் அத்தை அறிவார். வற்புறுத்தினால் சொல்லியும்விடுவார். ஆனால் ஒருவருடைய சம்பளத்தை அவருக்குத் தெரியாமல் அவருடைய மாமியாரிடமிருந்து தெரிந்துகொள்வது முறையாகாது என்று எனக்குப் படுகிறது. எனவே நீங்கள் உங்கள் சம்பளத்தை எனக்கு எழுத வேண்டியதில்லை. அத்தையிடமிருந்து நான் அதைக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி அனுமதி மட்டும் அளித்தால் போதும். வரும் வியாழக்கிழமை மாலைக்குள் கிடைக்கும்படி கைபேசியில் தட்டிவிட்டால் வெள்ளிக்கிழமை காலைக்குள் விகிதம் போட்டுவிடுவேன். உங்கள் தொகையைப் பயன்படுத்தியபின் மறந்துவிடுவேன் என்றும் உறுதி கூறுகிறேன். அனுமதி தர மனமில்லையென்றாலும் தவறாக நினைக்க மாட்டேன். தேசப் படத்து வண்ணத்தை வைத்துக்கொண்டு எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன்.

உங்கள் அம்மாவிடமும் அண்ணனிடமும் என் மன்னிப்பைச் சேர்ப்பிக்கவும். சித்திக்குத் தனியாக எதுவும் சொல்ல வேண்டாம். சொன்னால் அது வேறாகிவிடும். பாப்பாவைக் குடையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லவும், அது நல்ல குடை. நீங்கள் கட்டுகிற பாலங்கள் எல்லாம் நூறாண்டு நிற்கவும், அவற்றின்மேல் போகிறவர்கள் அவற்றைக் கவனிக்கவே கவனிக்காமல் போகவும், அதைவிடப் பெரிய பாராட்டு நம் தொழிலில் கிடையாது என்பதால், மனதார வாழ்த்துகிறேன். குழந்தைக்கு என் அன்பு முத்தங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை எழுதுகிறேன். மேலே எழுதிய அனைத்தையும் எழுதாததாகக் கருதவும். அனுமதி தேவையில்லை. தொகையும் தேவையில்லை.

கடிதத்தை முடித்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில் அந்த அம்மையார் போன் செய்திருக்கிறார். துவாலையோடு வெளியே வந்தபோது உங்கள் அத்தை கூடத்தில் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

“அவர் எதிர்பார்ப்பெல்லாம் இந்த ஜென்மத்துல வெளிய வராதுங்க. நானே சொல்றேன்” என்று ஒரு தொகையைச் சொன்னார். நான் நேர்கோட்டில் நீட்டி வரைந்த கோட்டுக்குக் கொஞ்சம்தான் கீழே. எனக்குத் துவாலை நழுவியது.

“கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேம்மா” என்றது போன்.

“அவர் பாத்துட்டுச் சரின்னு சொன்னா நீங்க ராத்திரி தூங்கலாம். உங்க தூக்கத்துக்கு என்ன வெலைன்னு நீங்களே போட்டுப் பாருங்க.”

போனில் கால்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரிம்மா. ஆனா இதக் கேட்டா எங்க சின்ன இன்ஜினியரும் ஏத்திக் கேப்பாளே?”

“கேட்டா ஏத்துங்க. நல்ல பொண்ணுங்கிறாரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டா யாருங்க உங்களுக்குத் துளை எண்ணுவா? சரி, பின்னாடி என்ன ஒரே கூச்சல்?”

“ஜல்லி லாரிக்காரர்மா. வெலைய ஏத்திட்டு எறக்க மாட்டேங்கிறார்.”

“போன அவர்கிட்ட குடுங்க.”

லாரிக்காரர் “ஹலோ” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியது மிகவும் குறைவு. கடைசியில், “சரிங்கக்கா, பழைய வெலைக்கே போட்டுடறேன். அளவும் கொறையாது” என்றார். அம்மையார் மறுபடி போனை வாங்கி, குரலைத் தாழ்த்தி, “அம்மா, ஜல்லி, மணல், கம்பிக்காரங்ககிட்டயெல்லாம் பேச எனக்கு ஆளே இல்ல. நீங்களும் வர்றீங்களா? உங்க எதிர்பார்ப்பு என்ன?” என்று கேட்டார். உங்கள் அத்தை சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டே, மூச்சு விடாமல், ஒரு தொகையைச் சொன்னார். அந்தப் பக்கம் உடனே சம்மதித்துவிட்டது.

மாப்பிள்ளை, அது என் சம்பளத்தைவிடக் கால் பங்கு அதிகம். படிப்பு, பொறியியல் அல்ல. அனுபவ ஆண்டுகள், ஒன்றுகூட இல்லை. பிரதேசம், எங்கள் வீட்டுக் கூடம். வரைதாளை மறுபடி எடுத்து இந்தப் புள்ளியை எங்கே வைப்பதென்று பார்த்தேன். தாளுக்கு வெளியே, மேசைமேல் விழுகிறது. திங்கட்கிழமை முதல் இருவரும் சேர்ந்து வேலைக்குப் போகிறோம். நான் முன்கூட்டியே தயாராகி வாசலில் நிற்கிறேன் என்று இப்போதே சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு அடுத்த ஊதிய உயர்வு எப்போது என்று எனக்கு எழுத வேண்டாம், அத்தைக்கு எழுதவும். உங்கள் மேலதிகாரியின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறார்.